சுவரும் சித்திரமும்: ஓவியர் ஜோர்ஜ் கீட்டின் கலை வளர்ச்சி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது தமிழர் நாவிற் பயிலும் பழமொழி. உடலைப் பேணுக என்னும் அறிவுரையாகவே பெரும்பாலும் அது வழங்கப்பெறுகிறது. ஆயினும், அதன் நேர்ப்பொருளே ஓவியக் கலையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதாகும். கவிஞனுக்கு ஏடும் எழுதுகோலும் போதும்; பாடகனுக்குக் குரல் போதும். ஓவியனுக்கோ சுவர் வேண்டும், வண்ணம் வேண்டும், அவற்றைப் பெறுதற்குப் பொருள் வேண்டும், பணி முடியுந்துணையும் கவலையின்றி உழைப்பதற்கு ஒருவரது ஆதரவு வேண்டும். கலைஞனின் உள்ளத்தில் எழும் கற்பனை எத்துணைச் சிறந்ததாயினும், “இச்சுவரில் எழுதுக” என்று சொல்லுவாரைப் பெறாதவிடத்து அஃது உள்ளத்திலேயே ஒடுங்கிவிடும்.

ஆதலின் ஓவியர் ஒருவரின் வளர்ச்சியை ஆராய்வோர் அவரது கைத்திறனை மட்டும் நோக்குதல் போதாது. அவருக்கு யார் பணி கொடுத்தார், எவ்வாறு கொடுத்தார், எவ்வளவு உரிமையோடு விட்டார் என்பனவும் நோக்கற்பாலன. இவ்வுண்மையை விளக்குதற்கு இலங்கையில் ஜோர்ஜ் கீட் என்னும் ஓவியரின் வாழ்க்கையினும் சிறந்த சான்று காண்டல் அரிது. இருபதாம் நூற்றாண்டின் இலங்கை ஓவியருள் உலகறிந்தவர் அவர். 1901ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்து, 1993ஆம் ஆண்டு மறையும்வரை நெடுங்காலம் தூரிகையோடு வாழ்ந்தவர்.

பண்டைப் புரவலர்

தமிழகத்தில் ஓவியம் அரசரும் ஆலயமும் பேணிய கலையாகவே வளர்ந்தது. ஏழாம் நூற்றாண்டிற் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் ‘சித்திரகாரப்புலி’ எனப் பட்டம் பூண்டான். தஞ்சையில் இராசராசன் எடுப்பித்த பெருவுடையார் கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது; அதன் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றிற் சோழர் கால ஓவியங்கள் தீட்டப்பெற்றன. பின்வந்த நாயக்கர் காலத்தில் அவற்றின்மீது வேறோர் ஓவியப் படலம் எழுந்தது. அப்படலத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டு கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். ஒரே சுவர் இரு காலத்து ஓவியரைத் தாங்கிய வரலாறு அது.

இலங்கையின் கண்டி இராச்சியத்திலே கலைஞருக்குரிய ஆதரவு வேறொரு முறையில் அமைந்திருந்தது. ஓவியரும் பிற கைவினைஞரும் அரசனிடமிருந்தோ விகாரையிடமிருந்தோ நிலம் பெற்றனர். அந்நிலத்தின் பயனை நுகர்ந்து, அதற்கு ஈடாகத் தத்தம் கைத்தொழிலாற் பணி செய்தனர். இம்முறையைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில் விரிவாக விளக்கியுள்ளார். கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகைக் கோயிலின் ஓவியங்கள் இம்முறையின் விளைவு. அவற்றை எழுதுவித்தவன் மதுரை நாயக்கரோடு உறவுடைய மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். அவன் 1747 முதல் 1782 வரை ஆண்டவன். எழுதினாருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்னும் துறவி. சிவந்த நிலத்தின்மீது, திட்டமான கருங்கோட்டால் உருவங்களை வரைந்து, கதையை நீண்ட பட்டைகளாகத் தொடர்ந்து சொல்லிச் செல்வது அவ்வோவிய மரபு.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயது. நிலமானிய முறை சிதைந்தது. அரசன் இருந்த இடத்தில் அரசாங்கம் வந்தது. ஆனால் ஓவியனுக்கு நிலம் கொடுப்பாரில்லை. புதிய செல்வர்கள் விரும்பியது பெரும்பாலும் தம் உருவப்படமே. இங்கிலாந்து நாட்டுக் கலைக்கழக மரபைப் பின்பற்றி, எண்ணெய் வண்ணத்தால் ஆளை ஆளாகவே எழுதிக்காட்டும் திறமே ஓவியத்தின் முடிந்த முடிபென மதிக்கப்பட்டது. 1891இல் நிறுவப்பெற்ற இலங்கைக் கலைச் சங்கமும் அம்மதிப்பையே நெடுங்காலம் போற்றியது. உருவப்படம் எழுதும் ஓவியனுக்குக் கூலி உண்டு. எழுதும் முறையில் உரிமை இல்லை. படத்தைப் பெறுபவர் தம் முகத்தைக் காணவே விரும்பினார். ஓவியன் உலகத்தை எவ்வாறு கண்டான் என்பதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை.

புதுக்கடை தந்த இரு புரவலர்

இந்நிலை மாறுதற்குத் துணையாயிருந்தோரை நாடின், வியப்புக்குரியதொரு செய்தி புலனாகும். அவருட் குறிப்பிடத்தக்க இருவர் கொழும்புப் புதுக்கடையின் நீதிமன்றச் சூழலோடு தொடர்புடையவர்.

புதுக்கடை என்பது தமிழர் வழங்கும் பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றுதற்கு நடந்த முற்றுகையில் உயிர்துறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட்டின் நினைவாக எழுந்தது. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின் அவர்தம் வழிவந்த பறங்கியர் சமூகத்தாருட் பலர் ஆங்கிலம் நன்கு கற்று, சட்டத்துறையிலும் அரசாங்க உத்தியோகத்திலும் சிறந்து விளங்கினர். அவர்களோடு ஒப்ப அத்துறையிற் புகழ்பெற்றோர் தமிழர். இவ்விரு சமூகத்தாரும் கூடி வழக்குரைத்த களம் புதுக்கடை.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அக்களத்திற் சட்ட வல்லுநராய்ப் புகழ் ஈட்டிச் சொலிசிற்றர் ஜெனரல் பதவி வகித்தவர். புதுக்கடைக்கு அணித்தாய கொச்சிக்கடையில் அவருடைய தந்தையார் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த சிவாலயத்தை அவர் 1907ஆம் ஆண்டு முதல் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். தென்னிந்தியச் சிற்பிகளின் உளி அங்கு ஒலித்தது; 1912இற் குடமுழுக்கு நடைபெற்றது. பொன்னம்பலவாணேசர் கோயில் என்று இன்றும் அன்பர் வழிபடும் அத்திருக்கோயில், கலைஞரிடம் பெரும்பணி ஒன்றை ஒப்படைத்து முடிக்கும் பழைய தமிழ் மரபு கொழும்பிலும் உயிரோடிருந்தமைக்குச் சான்று.

மற்றவர் லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டு பிறந்த அவர் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மைந்தர். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார்; உடன் அரச இசைக் கழகத்திற் பியானோ வாசிப்பும் பயின்றார். 1924இல் நாடு திரும்பிச் சிறிதுகாலம் வழக்கறிஞராய் இருந்தார். ஆயினும் புதுக்கடை அவரை நெடிது பிணித்து வைக்க இயலவில்லை. தொழிலைத் துறந்து, இசைக்கும் பிற்காலத்தில் ஒளிப்படக் கலைக்கும் தம்மை ஒப்படைத்தார். தமக்கிருந்த செல்வத்தையும் செல்வாக்கையும் ஓவியரை வளர்ப்பதற்குப் பயன்படுத்தினார். ஐரோப்பாவில் வெளிவந்த புதிய கலை நூல்களை வருவித்துத் தாம் கற்றதோடு நண்பர்க்கும் காட்டினார். கீட்டின் படங்களை வாங்கியும், அவற்றின் சிறப்பைப் பிறர்க்கு எடுத்தியம்பியும் துணைநின்றார்.

இராமநாதன் மரபைப் பேணிய புரவலர். வென்ட் புதுமையைப் பேணிய புரவலர். இருவர்க்கும் பொதுவாயதொன்று உண்டு. கலைஞன் தன் பணியை அறிவான் என்னும் நம்பிக்கையே அது. சிற்பியின் அளவு நூலை இராமநாதன் திருத்த முற்படவில்லை. ஓவியனின் கோட்டை வென்ட் திருத்த முற்படவில்லை.

கீட்டின் இளமைப் பயிற்சி

கீட் பறங்கியர் சமூகத்திற் பிறந்தவர். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கற்றார். ஆயினும் தேர்வுகளில் அவர் நாட்டம் செல்லவில்லை. கல்லூரி நூலகமே அவர்க்கு ஆசானாயிற்று. கல்லூரியை விட்டபின் மல்வத்தை விகாரையின் பிக்குகளோடு பழகிப் பௌத்த நூல்களையும் சிங்கள இலக்கியத்தையும் ஆர்வத்தோடு கற்றார். கண்டிப் பகுதிக் கோயில்களின் ஓவியமும் சிற்பமும் நாளும் அவர் கண்ணிற் பட்டன. எனினும் தூரிகையை முறையாகக் கையிலெடுத்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. பத்து வயதிலேயே படம் எழுதிப் பரிசில் பெறாதவன் ஓவியனாகான் என்று அஞ்சும் மாணவர்க்கு இச்செய்தி ஆறுதல் அளிப்பதாகும்.

1920களிற் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராயிருந்தவர் சார்ள்ஸ் வின்சர் என்னும் ஆங்கிலேயர். உள்ளதை உள்ளவாறு எழுதுதலே ஓவியம் என்னும் கொள்கையை விடுத்து, வண்ணத்துக்கும் வடிவுக்கும் தமக்கென ஓர் உயிர் உண்டு என்று கற்பித்தவர் அவர். கீட்டும் அவர்தம் நண்பர் ஜெப்ரி பீலிங்கும் அவரால் ஊக்கம் பெற்றனர். வின்சரின் செல்வாக்கு தென்னிலங்கையோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரக் கல்வியின் முன்னோடியாகிய எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கி நின்றது.

கீட்டின் முதற்படங்கள் கண்டி மலைநாட்டுக் காட்சிகள், பிக்குகள், கிராமத்து மாந்தர் ஆகிய பொருள்களைக் கொண்டவை. இருக்கும் பொருளைக் கண்டு எழுதியவையாயினும், வண்ணத்தைத் தட்டையான பரப்புகளாக நிறுத்தும் இயல்பு அவற்றிலேயே தலைகாட்டியது. 1930ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற காட்சி அவரது ஓவியங்களைப் பலரறியச் செய்தது. அக்காலத்திற் சிலி நாட்டின் துணைத்தூதுவராய் வெள்ளவத்தைக் கடற்கரையிற் குடியிருந்த இளங்கவிஞர் பாப்லோ நெரூடா, கீட்டின் ஓவியங்களைப் பாராட்டி எழுதினார். 1971இல் நோபல் பரிசு பெற்ற அக்கவிஞர் அன்று புகழறியாத இளைஞர். வெள்ளவத்தைத் தமிழ் மக்கள் நாளும் நடந்து செல்லும் கடலோரம் ஒருகால் இத்தகைய கலை நட்புக்கும் களமாயிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1930களிற் கீட் கவிதைத் துறையிலும் ஈடுபட்டார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் அவருடைய ஆங்கிலக் கவிதை நூல்கள் வெளிவந்தன. அதே காலத்திற் கியூபிசம் என்னும் ஐரோப்பிய ஓவிய முறையை அவர் ஆழ்ந்து பயின்றார். ஒரு பொருளை ஒரே இடத்தினின்று நோக்கி எழுதாது, பல கோணங்களிற் காணப்படும் அதன் கூறுகளை ஒரே பரப்பில் இணைத்துக் காட்டுதல் அம்முறையின் இயல்பு. முகத்தின் பக்கத் தோற்றமும் நேர்த்தோற்றமும் ஒருங்கே அமைதலை அப்படங்களிற் காணலாம். பிக்காசோ, பிராக் முதலியோர் பாரிசில் வளர்த்த முறை அது. கீட் அதனை அயலான் உடையாக அணிந்துகொள்ளவில்லை. ஒரே சுவரில் ஒரு கதாபாத்திரத்தைப் பல இடங்களிற் காட்டும் கண்டி ஓவியம், இடை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பி நிற்கும் இந்தியச் சிற்பம் ஆகியவற்றை இளமையிற் கண்டு பழகிய கண்ணுக்கு அது முற்றிலும் புதியதாய்த் தோன்றியிருத்தல் இயலாது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவுமிடத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். அவ்விடத்தைக் காட்டியது ஒரு சுவர்.

கோதமி விகாரை

கொழும்பின் பொரளைப் பகுதியிலுள்ளது கோதமி விகாரை. அதன் சுவர்களிற் புத்தர்பிரானின் வரலாற்றை எழுதும் பணியைக் கீட்டிடம் ஒப்படைத்தவர் வென்டின் நண்பராகிய ஹரல்ட் பீரிஸ். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அப்பணி நிறைவேறியது.

இப்பணி எளிதன்று. திரைச்சீலையில் எழுதுவதற்கும் சுவரில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தார்க்கே இதன் அருமை விளங்கும். திரைச்சீலை ஓவியனுக்கு அடங்கியது. பிடிக்காவிடிற் புரட்டி வைத்துவிடலாம். மாடத்திலிருந்து முற்றத்திற்கு எடுத்துச் செல்லலாம். சுவரோ நிலைத்து நிற்பது. அதன் நீளமும் உயரமும் வாயிலும் வெளிச்சமும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. ஓவியனே அவற்றுக்கு அடங்கல் வேண்டும். திரைச்சீலைப் படத்தை ஓரிடத்தில் நின்று காண்பர். சுவரோவியத்தை நடந்துகொண்டே காண்பர். ஆதலின் நடப்பவர் கண்ணை அடுத்த காட்சிக்கு இட்டுச் செல்லும் ஓட்டம் படத்தில் அமைதல் வேண்டும். சாரத்தின்மீது சுவரையொட்டி நின்று எழுதும் ஓவியனுக்கு உருவத்தின் ஒரு பகுதியே தெரியும். கீழே நின்று காண்பவர்க்கோ முழுமையும் தெரியும். கைக்கு அண்மையில் எழுதியும் கண்ணுக்குச் சேய்மையில் எண்ணியும் உழைக்கவேண்டிய பணி அது. மேலும், சுவரோவியத்தைக் காண வருபவர் ஓவியத்தைக் காண வருபவரல்லர், வழிபட வருபவர். அவர்க்குக் கதை விளங்காவிடின் கலை விளங்குவதிற் பயனில்லை.

இத்தகைய தளைகள் கீட்டின் கலையைக் குறைக்கவில்லை, கூர்மைப்படுத்தின. சேய்மையிலிருந்து காண்பவர்க்கும் உருவம் தெளிவாய்த் தெரிதற்கு உறுதியான கோடு வேண்டப்பட்டது. ஆதலின் நீண்டு வளைந்து ஓடும் கோடே அவரது ஓவியத்திற்கு உயிராயிற்று. நிழலும் ஒளியும் காட்டி உடலைத் திரட்டுவதை விடுத்துக் கோட்டின் வளைவினாலேயே உடலின் திரட்சியைப் புலப்படுத்தினார். சிகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்திலும், அஜந்தாவிலும், கண்டிக் கோயில்களிலும் ஆட்சிபுரிந்தது இக்கோடே. பாரிசிலிருந்து கற்ற வடிவச் சேர்க்கையும் பழைய கோயில்களிலிருந்து கற்ற கோடும் இச்சுவரில் ஒன்றாயின. மாந்தரும் மரமும் விலங்கும் வெற்றிடம் பெரிதின்றி ஒருவரையொருவர் தழுவி நிற்க, காட்சி ஒன்றினின்று அடுத்த காட்சி கிளைத்து எழுகின்றது. பௌத்தர் வழிவழி அறிந்த கதை மாறவில்லை. காணும் கண் மாறியது.

இங்குப் பணி கொடுத்தாரின் அறிவுடைமையைப் பாராட்டாதிருத்தல் இயலாது. என்ன எழுதவேண்டும் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டது. எவ்வாறு எழுதவேண்டும் என்பது ஓவியரிடமே விடப்பட்டது. பொருள் புரவலருடையது, வடிவம் கலைஞனுடையது. இவ்வெல்லைக்கோடு அழிந்தவிடத்துப் பணி கெடும்.

ஒப்பு நோக்குதற்குரிய இரு பணிகள்

கோதமி விகாரையை ஏறக்குறைய அதே காலத்தில் நிகழ்ந்த வேறிரு பணிகளோடு ஒப்பிடுதல் நலம்.

முதலாவது களனி இராசமகாவிகாரை. அவ்விகாரையைப் புதுப்பித்த பெருமாட்டி ஹெலேனா விஜேவர்தன ஓவியப் பணியைச் சோலியஸ் மெண்டிஸ் என்பாரிடம் ஒப்படைத்தார். அஜந்தா முதலிய இடங்களின் பழைய ஓவியங்களை நேரிற் கண்டு வருமாறு அவரை இந்தியாவிற்கு அனுப்பியும் வைத்தார். 1932இல் தொடங்கிய பணி 1946வரை நீண்டது. பதினான்கு ஆண்டுகள் ஒரு கலைஞனைப் பொறுமையோடு தாங்குதல் எளிய செயலன்று. தந்தனும் ஹேமமாலையும் தந்ததாதுவைக் கொணர்தல், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொணர்தல் முதலிய காட்சிகள் அங்கு அமைதியும் மென்மையும் நிறைந்து விளங்குகின்றன. மரபைத் தூய்மைப்படுத்தி மீட்டல் மெண்டிசின் வழி. மரபைப் புதுமையோடு மோதவிட்டு இணைத்தல் கீட்டின் வழி.

இரண்டாவது கண்டித் திரித்துவக் கல்லூரியின் வழிபாட்டுமனை. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்ரர் அதன் சுவர்களில் விவிலியக் காட்சிகளை எழுதினார். தாடியற்ற இளைஞராக அவர் இயேசுவைத் தீட்டினார். சுற்றிலும் இலங்கையின் மரஞ்செடிகளையும் மாந்தரையும் அமைத்தார். ஐரோப்பிய வடிவிலேயே இயேசுவைக் கண்டு பழகியோர்க்கு அது புதுமையாயிருந்தது. ஆயினும் கல்லூரி அதனை ஏற்றுப் போற்றியது. ஒரு கல்லூரி தன் பழைய மாணவரிடமே பணியை ஒப்படைத்துத் தன் சுவரை அழியாப் பாடநூலாக்கிக் கொண்ட இந்நிகழ்ச்சி கல்லூரிகள் யாவற்றுக்கும் எடுத்துக்காட்டாகும்.

விகாரை, திருச்சபைக் கல்லூரி என நிறுவனங்கள் வேறுபடினும் மூன்றிடத்தும் காணும் நெறி ஒன்றே. சமயப் பொருளை எழுதுவித்தோர் கலையை அடிமைப்படுத்தவில்லை. எழுதினோர் சமயத்தைப் புறக்கணிக்கவில்லை.

கண்ணனும் நாயகியும்

பௌத்த வரலாற்றைச் சுவரில் எழுதிய கை அடுத்து நாடியது வைணவ காவியத்தை. ஜயதேவரின் ‘கீதகோவிந்தம்’ கீட்டின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; அம்மொழிபெயர்ப்பு 1940களிற் பம்பாயில் வெளிவந்தது. இராதையும் கண்ணனும், தூது செல்லும் தோழியும், காத்திருக்கும் நாயகியும் அவரது திரைச்சீலைகளில் மீண்டும் மீண்டும் தோன்றினர். இராமநாதனின் தாய்மாமனாகிய சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1916இல் வெளியிட்ட ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் பெருநூல், இத்தகைய கண்ணன் ஓவியங்களை ஆங்கிலம் அறிந்த உலகிற்கு முன்னரே அறிமுகம் செய்திருந்தது. கீட் அச்சிற்றோவியங்களின் பொருளை எடுத்துக்கொண்டு அவற்றை நுணுக்க அளவில் எழுதாது, சுவரிற் கற்ற பெருங்கோட்டால் எழுதினார். கோதமி விகாரை அவர்க்கு அளித்த கொடை இதுவே. பணி முடிந்தபின்னும் அப்பணியாற் பெற்ற திறம் கலைஞனோடு செல்லும்.

1940களின் பிற்பகுதியில் அவர் இந்தியாவில் தங்கி வரைந்தார். பம்பாயில் அவர் கலைக்கு நல்வரவேற்புக் கிடைத்தது. மார்ட்டின் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் அவரது ஓவியங்கள் பலவற்றைத் தொகுத்ததோடு, அவரைப் பற்றி எழுதிய நூலை 1950இல் பம்பாய் ‘மார்க்’ வெளியீடாகக் கொணர்ந்தார்.

இதற்கிடையிற் கொழும்பில் முக்கியமானதொரு நிகழ்ச்சி நடந்தேறியது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி லயனல் வென்டின் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடி ‘43ஆம் ஆண்டுக் குழு’ என்னும் அமைப்பை நிறுவினர். ஜோர்ஜ் கீட், ஜெப்ரி பீலிங், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, ஜோர்ஜ் கிளாசன், ஒபிறி கொலெட், றிச்சார்ட் கபிரியேல், மஞ்சுஸ்ரீ முதலியோர் அக்குழுவைச் சார்ந்தோர். பறங்கியர், சிங்களவர், பிக்குவாயிருந்தவர், கிறித்தவர் எனப் பல திறத்தினர் அவர். பொதுவான எழுதுமுறை எதனையும் அவர்கள் விதித்துக்கொள்ளவில்லை. கலைச் சங்கத்தின் பழைய அளவுகோலுக்கு அடங்காது தத்தம் வழியில் எழுதும் உரிமையே அவர்களை இணைத்தது. முதற்காட்சி அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வென்ட் காலமானார். வயது நாற்பத்து நான்கு. அவர் மறைந்தும் குழு மறையவில்லை. 1952இல் இலண்டனிலும் 1953இற் பாரிசிலும் 1956இல் வெனிஸ் நகரத்திலும் அக்குழுவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1954இற் கீட்டின் ஓவியங்கள் மட்டும் அடங்கிய காட்சியொன்று இலண்டனில் நடைபெற்றது. வென்டின் இல்லம் இருந்த இடத்தில் அவர் பெயரால் எழுந்த கலைமண்டபத்தின் நாடக அரங்கு 1953இற் திறக்கப்பட்டது; கொழும்பின் நாடகத்திற்கும் ஓவியக் காட்சிக்கும் அஃது இன்றும் நிலைக்களன்.

புகழ் என்னும் தளை

புகழ் வந்தபின் ஓவியனுக்குப் பணி தேடி வரும். அப்போது வேறோர் இடர் உடன் வரும். முன்பு எழுதிய படத்தைப் போன்றே இன்னொன்று வேண்டும் எனக் கேட்பார் பலராவர். கீட்டின் பிற்காலப் படங்களில் ஒரே வகை நாயகியரும் ஒரே வகைக் கோடும் மீண்டும் மீண்டும் வருதலைத் திறனாய்வாளர் சிலர் குறையாகச் சுட்டியுள்ளனர். அக்கூற்றில் உண்மை ஓரளவு உண்டு. ஆயினும் குறை முழுவதும் ஓவியரைச் சார்ந்ததன்று. கோதமி விகாரையில் அவரிடம் கேட்கப்பட்டது அவர் அதுவரை செய்யாத ஒன்று. பிற்காலத்தில் அவரிடம் கேட்கப்பட்டது அவர் பலகாற் செய்து முடித்த ஒன்று. முன்னது கலைஞனை வளர்த்தது. பின்னது கலைஞனைத் தேக்கியது. வாங்குபவர் மிகுதலும் புரவலர் மிகுதலும் ஒன்றல்ல என்பதை இது காட்டும். வாங்குபவர் கலைஞனின் நேற்றைய திறத்திற்கு விலை கொடுக்கிறார். புரவலர் அவனது நாளைய திறத்தை நம்பிப் பொருள் கொடுக்கிறார்.

கலைஞர் தாமே புரவலராதலும் கூடும் என்பதற்கு இக்குழுவிலேயே சான்று உண்டு. உருவப்படம் எழுதுவதில் வல்லவரான ஹரி பீரிஸ், பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தையும் தாம் தொகுத்த நண்பர்தம் ஓவியங்களையும் 1974இற் சப்புமல் நிறுவனம் என்னும் அறநிலையமாக்கினார். அக்குழுவின் ஓவியங்களை ஒருங்கே காண விரும்பும் மாணவர் அங்குச் சென்று காணலாம்.

சைவ நிறுவனங்களும் சுவர்களும்

கீட்டின் வரலாறு இந்துக் கல்வி நிலையங்களுக்கும் ஆலயங்களுக்கும் உணர்த்துவது யாது? கண்ணனையும் இராதையையும் உலகறியத் தீட்டிய ஓவியர் ஒருவர் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். அவருடைய சுவரோவியத் திறம் ஒரு பௌத்த விகாரையிலேயே முழுமை பெற்றது. இதிற் பொறாமைக்கு இடமில்லை, படிப்பினைக்கு இடமுண்டு. விகாரைச் சுவர் முன்வந்தது. கலைஞன் அங்குச் சென்றான்.

சைவ ஆலயங்கள் சிற்பிக்கும் தபதிக்கும் அளிக்கும் மதிப்பு இன்றும் குன்றவில்லை. இராசகோபுரம் எழுப்புதற்குப் பெரும்பொருள் திரட்டுகின்றனர். சுதை வேலைக்குக் கைதேர்ந்தாரைத் தேடிப்பிடிக்கின்றனர். ஆனால் மண்டபத்தின் உட்சுவரில் நாயன்மார் வரலாற்றை எழுதும்போது பல இடங்களில் அச்சுப் படத்தைப் பார்த்துப் பெயர்த்தெழுதுதலோடு அமைந்துவிடுகின்றனர். இரவிவர்மா 1894இற் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை ஏழை இல்லங்கட்கும் எட்டச் செய்தது பெருந்தொண்டு. ஆயினும் இல்லத்தில் மாட்டுதற்கு அமைந்த படத்தைக் கோயிற் சுவரிற் பெருக்கி எழுதினால் அது சுவரோவியமாகாது. அச்சுவரின் அளவையும் ஒளியையும், நடந்து செல்லும் அடியவர் நோக்கையும் அறிந்து எழுதியதே சுவரோவியம்.

திறமுடையார் இல்லை என்று கூறுதற்கும் இடமில்லை. கனகசபையின் வின்சர் கழகம் யாழ்ப்பாணத்தில் மாணவர் பலரை ஓவியத்தின்பால் ஆற்றுப்படுத்தியது. இராமநாதனின் பெயர் தாங்கிய நுண்கலை நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இசை, நடனம் ஆகியவற்றோடு சித்திரமும் கற்பிக்கின்றது. கற்று வெளிவருவோர்க்கு வேண்டுவது பாராட்டுரையன்று, பணி.

பணி ஒப்படைப்போர் மனங்கொள்ளத்தக்க நெறிகளைக் கீட்டின் வரலாறே வகுத்துத் தருகிறது. எழுதவேண்டிய பொருளைத் தெளிவுறச் சொல்லல் முதலாவது. சுவரின் ஈரமும் வெடிப்பும் நீக்கி, எழுதுதற்குத் தகுதியாக்கிக் கொடுத்தல் இரண்டாவது. மழை மிகுந்த நாட்டிற் கூரை ஒழுக்கே ஓவியத்தின் முதற்பகை. ஊதியத்தை முன்னரே பேசி உரிய காலத்தில் வழங்கல் மூன்றாவது. போதிய காலம் அளித்தல் நான்காவது. களனியிற் பதினான்கு ஆண்டு காத்தனர் என்பது நினைக்கத்தக்கது. வடிவத்தைக் கலைஞன் பொறுப்பில் விடல் ஐந்தாவது. எழுதியபின் பேணல் ஆறாவது. மங்கிய ஓவியத்தின்மேற் புது வண்ணம் பூசுதல் பேணலாகாது. தஞ்சையிற் சோழர் ஓவியம் நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது அத்தகைய மேற்பூச்சினாலேயே.

இவ்வாறும் செய்தற்குப் பேரரசன் வேண்டியதில்லை. புதுக்கடையில் வழக்குரைத்து ஈட்டிய பொருளைக் கருங்கல்லாக மாற்றினார் ஒருவர். புதுக்கடையைத் துறந்து வந்து நண்பர்தம் தூரிகைக்குத் துணைநின்றார் மற்றொருவர். ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கமோ ஓர் ஆலய அறங்காவலர் சபையோ மனங்கொண்டால் ஒரு மண்டபச் சுவரை இளம் ஓவியர் ஒருவரிடம் நம்பி ஒப்படைத்தல் அரிய செயலன்று. சித்திரம் எழுதுவார் உளர். சுவரும் உண்டு. இரண்டையும் இணைக்கும் நம்பிக்கையே வேண்டப்படுவது.